‘எசகுபிசகா கால வெச்சுட்டனுங்க’: சேலத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொல்வழிகாட்டி

டவுன் பஸ் முழுதாக நிற்பதற்குள் இறங்கப் பார்க்கிறவரை நோக்கிச் சேலத்தில் எழும் குரல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “பாத்து எறங்குங்ணா, எசகுபிசகா கால வெச்சுறாதீங்க.” வேலைக்கோ படிப்புக்கோ இந்த ஊருக்கு வந்தவர்களுக்கும், தமிழ் படிக்கத் தெரிந்து பேச்சுவழக்கு இன்னும் பிடிபடாதவர்களுக்கும் அந்த நடுச்சொல்தான் இடறும். வாக்கியத்தின் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ‘எசகுபிசகா’ என்றால் என்ன?

இது சேலத்துக்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை. தமிழ்நாடு முழுக்கப் புழங்குவதுதான். ஆனால் ஏற்காட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வாழ்கிற ஊரில், படியும் பாறையும் சரிவும் கொண்டை ஊசி வளைவும் அன்றாடம் என்பதால், இதை எடுத்துப் பேசச் சந்தர்ப்பங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

முதலில் வாயில் வரட்டும்

எழுத்தில் ‘இசகுபிசகு’ என்றும் ‘எசகுபிசகு’ என்றும் இரண்டு விதமாகவும் பார்க்கலாம். பேச்சில் எகரம்தான். இது தனி விதிவிலக்கு இல்லை. இலை ‘எலை’ ஆவதும், இடம் ‘எடம்’ ஆவதும், விலை ‘வெலை’ ஆவதும் எப்படியோ அப்படியே. சொல்லின் முதலில் இகரம் இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் நாக்கு கொஞ்சம் இறங்கி எகரத்துக்கு வந்துவிடும். அதே காரணத்தால் பின்பாதியும் சிலர் வாயில் ‘பெசகு’ ஆகும். இரண்டும் சரி. தவறு எங்கே வருகிறது என்றால், இரண்டு பாதிகளுக்கும் நடுவில் மூச்சு விடுவதில். ‘எசகு’, ‘பிசகு’ என்று பிரித்துச் சொன்னால் கேட்பவருக்குச் சொல் உடைந்துவிடும். ஒரே மூச்சில், கடைசி ‘ஆ’வைச் சற்று நீட்டிச் சொல்லுங்கள். ‘ஆக’ என்பதில் உள்ள ‘க’ பேச்சில் கிடையாது. ‘எசகுபிசகாக’ என்று முழுதாகச் சொன்னால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும்.

பொருள் எங்கே இருக்கிறது

பின்பாதியில் இருக்கிறது. பிசகு என்றால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து, முறையிலிருந்து கொஞ்சம் விலகுவது. மூட்டு பிசகும், கணக்கு பிசகும். சொன்ன சொல்லை இம்மியும் பிசகாமல் காப்பாற்றுவார்கள். முன்பாதி ‘எசகு’ அந்தப் பிசகுக்கு ஓசைத்துணை. தனியாக எடுத்து யாரும் பேசுவதில்லை.

ஆக, எசகுபிசகு என்பது ஆளின் குணம் இல்லை. ஒரு காலோ கையோ பொருளோ, அந்த நேரத்தில் வைக்கப்பட்ட விதம். புதிதாகக் கற்பவர்கள் செய்கிற பெரிய தவறு இங்கேதான். கை கால் பதனம் (கவனம்) இல்லாமல் எதையாவது தட்டிவிட்டுக்கொண்டே இருக்கிற ஒருவரைப் பார்த்து “அவன் ஒரு எசகுபிசகு” என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவர் புருவத்தைச் சுருக்குவார். தமிழில் அப்படி ஆளுக்குச் சூட்ட இந்தச் சொல் வளையாது. ஆளைச் சொல்ல ‘தத்தி’ என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது வசவு. கை கால் தடுமாற்றத்தோடு புத்தி மந்தம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். கற்றுக்கொள்ளுங்கள், பயன்படுத்தாதீர்கள்.

ஒரு சோதனை உண்டு. எசகுபிசகா என்று சொல்ல வாய் வரும்போது, “அதை வைக்க ஒரு சரியான விதம் இருந்ததா?” என்று கேட்டுப் பாருங்கள். இருந்தது, இவர் வேறு மாதிரி வைத்தார் என்றால் சொல் பொருந்தும். ஏற்காட்டில் உள்ள சேர்வராயன் கோயில் குகை தாழ்வானது. குனிய மறந்து நெற்றியில் வாங்கிக்கொண்டால் அது எசகுபிசகு இல்லை. “தலைய இடிச்சுக்கிட்டேன்”, அவ்வளவுதான். அதே குகையில் குனிந்தபடியே அரைகுறையாகத் திரும்பி முதுகு பிடித்துக்கொண்டால், “எசகுபிசகா திரும்பிட்டேன்” என்பது கச்சிதம்.

வாக்கியத்தில் ஏற்றும் முறை

இந்தச் சொல் வினைக்கு முன்னால் ஒட்டி வரும். எல்லா வினையோடும் சேராது. வை, மிதி, படு, உட்கார், தூக்கு, பிடி, திருப்பு, நிறுத்து, மாட்டு, விழு, படு (அடி படுகிற ‘படு’) ஆகியவற்றோடு நன்றாகச் சேரும். சாப்பிடு, தூங்கு, எழுது இவற்றோடு சேராது. தூங்குவதைச் சொல்ல வேண்டுமானால் “எசகுபிசகா படுத்துட்டேன், கழுத்து புடிச்சுக்கிச்சு” என்று படுப்பதன்மேல் ஏற்றிச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எழுவாய். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கவனியுங்கள், ஏனென்றால் மரியாதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

“எசகுபிசகா கால வெச்சுட்டனுங்க.” இதில் எழுவாய் ‘நான்’. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன். 

“கால் எசகுபிசகா பட்டுருச்சுங்க.” இதில் எழுவாய் கால். நான் ஒன்றும் செய்யவில்லை, கால் தானாகப் போய்ப் பட்டது. 

நம்மைப் பற்றிப் பேசும்போது இரண்டும் செல்லும். அடுத்தவரைப் பற்றி, அதுவும் பெரியவர் ஒருவர் கீழே விழுந்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, “நீங்க எசகுபிசகா கால வெச்சுட்டீங்க” என்றால் அது குற்றச்சாட்டு. “கால் எசகுபிசகா பட்டுருச்சாட்ட இருக்குதுங்களே” என்றால் பழி காலுக்குப் போய்விடும், அவர் மானம் தப்பும். அந்த ‘ஆட்ட இருக்குது’ கொங்கு வழக்கு, ‘போல இருக்கிறது’ என்று பொருள். சென்னைப் பேச்சில் ‘பட்டுடுச்சு’ என்பது இங்கே ‘பட்டுருச்சு’ என்று வரும். இந்த ஒரு எழுத்திலேயே எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கை தவறிருச்சு, கால் தடுக்கிருச்சு, கை நழுவிருச்சு என்று மற்ற தடுமாற்றங்களும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன. டம்ளர் உடைந்ததும் “நான் போட்டேன்” என்பதைவிடக் “கை தவறிருச்சு” முதலில் வருகிறதென்றால், அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ் வாக்கியம் அப்படித்தான் அமையும்.

மலையில் இந்தச் சொல்

ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் போய் விழுகிற இடம் கிளியூர் அருவி. ஏரியிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர். கடைசிப் பகுதியில் இறக்கமாக நடக்க வேண்டும். இந்தச் சொல்லின் முழு இலக்கணத்தையும் அங்கே இறங்குகிறவர்களின் காலைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

ஈரப்பாறையில் பச்சையாகத் தெரிகிற இடத்தில் கால் வைத்தால் அது ‘வழுக்கும்’. சரிந்த மண்ணில் வைத்தால் ‘சறுக்கும்’. வேரில் கால் மாட்டினால் ‘தடுக்கும்’. நுனிவிரல் கல்லில் மோதினால் ‘இடறும்’. இந்த நான்குக்கும் குற்றவாளி தரை. ‘எசகுபிசகா’ என்று சொல்ல வேண்டுமானால், தரை நன்றாக இருந்து வைத்த விதம் கெட்டிருக்க வேண்டும். அகலமான படிதான், ஆனால் பாதத்தின் வெளிவிளிம்பு மட்டும் படியின் ஓரத்தில் பட்டு, குதிகால் அந்தரத்தில் நின்றது. உடல் எடை அதன்மேல் இறங்கியதும் பாதம் உள்பக்கமாக மடங்கியது. கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை இப்படி உள்ளே மடங்கித்தான் வருகின்றன. ஊர்ப்பேச்சில் இதற்குக் “கால் பெரண்டுருச்சு.”

அந்த ‘எசகுபிசகு’ வராமல் இருக்க, இறங்கும்போது:

முழங்காலை விறைப்பாக நீட்டாமல் கொஞ்சம் மடக்கியே வையுங்கள். விறைத்த காலில் அதிர்ச்சி நேரே இடுப்புக்குப் போகும், சமாளிக்க அவகாசம் இருக்காது. சரிவு செங்குத்தாக இருந்தால் பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழு உள்ளங்காலும் தரையைத் தொடும்படி வைக்க வேண்டும். முன்கால் நன்றாக ஊன்றிய பிறகே பின்காலின் எடையை எடுங்கள். எடுத்து வைக்கிற அடி சிறிதாக இருக்கட்டும். காப்பித் தோட்டத்து ஓரங்களில் சில்வர் ஓக் மரத்தின் காய்ந்த இலைகள் மெத்தை மாதிரி விழுந்து கிடக்கும். அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவும், அடியில் கல்லா குழியா என்றும் தெரியாது. குச்சியால் தட்டிப் பார்த்து வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தேய்ந்த ரப்பர் செருப்போடு வந்துவிட்டுப் பாறையைத் திட்டுகிறவர்கள்தான் இந்தச் சொல்லை அதிகம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

மலைப்பாதைக்கும் இதே சொல்தான். சேலம்–ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். “வளைவுல எசகுபிசகா வண்டியத் திருப்பிட்டான்” என்றால் வேகமாக ஓட்டினான் என்று பொருள் இல்லை. வேகத்துக்குத் ‘தாறுமாறா’ இருக்கிறது. இங்கே சொல்லப்படுவது, திருப்ப வேண்டிய இடத்துக்கு முன்பே ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டான், அல்லது உள்பக்கத்தை ஒட்டிப் போய்ப் பாதியில் நின்றுவிட்டான், ஏறி வருகிற பஸ்ஸுக்குத் திரும்ப இடமில்லை என்பது. பஸ்ஸுக்கு அந்த வளைவின் முழு அகலமும் தேவை. ஆகவே இறங்குகிற வண்டி வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இதைத் தெரியாமல் நடுவில் மூக்கை நுழைத்தவருக்கு டிரைவர் சன்னல் வழியாகச் சொல்கிற வாக்கியத்தில், இந்தச் சொல்தான் மிக நாகரிகமான சொல்லாக இருக்கும்.

சிப்பமும் சிலிண்டரும்

25 கிலோ அரிசி மூட்டைக்கு இங்கே சிப்பம் என்று பெயர். வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. இரண்டையும் தூக்குகிறவரைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சொல்வது: “எசகுபிசகா தூக்காத கண்ணு, இடுப்பு புடிச்சுக்கும்.” இதில் சொல்லப்படாத சரியான விதம் என்னவென்றால், பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, பொருளுக்கு மிக அருகில் நின்று, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பொருளை வயிற்றோடு அணைத்து, தொடை பலத்தில் எழுவது. எழுந்த பிறகு திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும். தூக்குவதையும் முறுக்குவதையும் ஒரே நேரத்தில் செய்வதற்குத்தான் ‘எசகுபிசகா தூக்குறது’ என்று பெயர். பாரம் குறைவாக இருந்தாலும் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

தறிக்கூடத்திலும் இதே அளவுகோல். குழித்தறியில் நெசவாளரின் கால் குழிக்குள் மிதியின்மேல் இருக்கும். மிதியை எசகுபிசகாக மிதித்தால் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகள், சரியாகப் பிரியாது. பிரியாத பாவுக்குள், குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா பாய்ந்தால் இழை அறும். காலில் நடந்த பிசகு துணியில் தெரியும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

இதே சாயலில் ஒரு கூட்டமே இருக்கிறது. புதியவர்கள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுவிடுவார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையின் நெருக்கமான சந்து ஒன்றில் ஒரு ஸ்கூட்டர் நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

சுவருக்கு நேராக இல்லாமல் சாய்ந்து நிற்கிறது, யாருக்கும் தொந்தரவில்லை: ‘கோணலா’ நிற்கிறது. பின்சக்கரம் சாக்கடை மூடியின்மேல், ஹேண்டில் வழியில், எடுக்கப் போனாலும் சாயும், விட்டுப் போனாலும் இடிக்கும்: இது ‘எசகுபிசகா’. பத்து வண்டிகள் ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே என்று ஒன்றுக்கொன்று எதிராக நின்றால் ‘ஏறுக்குமாறா’. பேச்சில் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வதற்கும் இதே சொல் போகும். அந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒருவர் கூட்டத்துக்குள் பறந்தால் ‘தாறுமாறா’. இடித்து, கைகலப்பாகி, ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டால் ‘ஏடாகூடம்’ ஆகிவிட்டது. வண்டியின் காகிதங்களில் பெயர் மாறியிருந்தால் ‘குளறுபடி’. அதை மாற்றியதில் ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ‘கோக்குமாக்கு’.

உடல் தடுமாற்றத்துக்கென்றே இன்னும் இரண்டு. நடை பழகுகிற குழந்தை ‘தத்தக்கா பித்தக்கா’ என்று நடக்கும். கேலி இருந்தாலும் கொஞ்சல் அதிகம். பெரியவர்களிடம் சொன்னால் கொஞ்சல் போய்க் கேலி மட்டும் நிற்கும். ‘தட்டுத்தடுமாறி’ என்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. இருட்டில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தார் என்றால், வந்து சேர்ந்துவிட்டார் என்பதும் அதற்குள் அடக்கம். எசகுபிசகாவில் அந்த உத்தரவாதம் கிடையாது.

வாயைக் கட்ட வேண்டிய இடங்கள்

பிறவியிலோ நோயாலோ விபத்தாலோ நடையில், கையில் குறை உள்ளவர்களின் அசைவுக்கு இந்தச் சொல்லைப் போடவே கூடாது. சரியான விதம் இருந்தும் தவறவிட்டார் என்பதுதான் இதன் அடிப்படை. அவர்கள் எதையும் தவறவிடவில்லை.

ஓர் ஆணையும் பெண்ணையும் சேர்த்துச் சொல்லும்போது இந்தச் சொல் நிறம் மாறும். “எசகுபிசகான நேரத்துல கதவத் தொறந்துட்டேன்” என்றால் கேட்பவர்கள் வேறு எதையோ கற்பனை செய்துகொள்வார்கள். நீங்கள் சொல்ல வந்தது அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதாக இருக்கலாம். அப்படியானால் சண்டை என்றே சொல்லிவிடுங்கள். அலுவலகத்தில் “எசகுபிசகா பேசிட்டாரு” என்பதும் அப்படியே, வரம்பு மீறிப் பேசினார் என்ற புகாராகப் போய்விடும்.

‘எசகுபிசகான எடத்துல அடி’ என்றால் அது உயிர்நிலை, அல்லது வெளியே சொல்லக் கூச்சப்படுகிற இடம். முழங்கையில் அடிபட்டுவிட்டு இப்படிச் சொன்னால் வீட்டில் அலறிவிடுவார்கள். “ஏதாச்சும் எசகுபிசகு ஆயிருச்சுன்னா?” என்று பெயர்ச்சொல்லாக வரும்போதும் கவனம். பேசுகிறவர் உயிருக்கு ஆபத்து என்ற வார்த்தையை வாயால் சொல்ல அஞ்சி, அதற்குத் துணி போர்த்தியிருக்கிறார். அங்கே சிரித்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் இந்தச் சொல் போதாது

கால் பிசகி மருத்துவரிடம் போனால் “எசகுபிசகா விழுந்துட்டேன்” என்பது அவருக்கு எந்த உதவியும் செய்யாது. நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். பாதம் உள்ளே மடங்கியதா வெளியே மடங்கியதா, அந்த நிமிடம் ஏதாவது சத்தம் கேட்டதா, வீக்கம் உடனே வந்ததா மெல்ல வந்ததா, எழுந்து நடக்க முடிந்ததா. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஊன்றி நான்கு அடிகூட வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கிற எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலி தாங்கவில்லை என்றாலோ எக்ஸ்ரே அவசியம். பாதம் கோணிக்கொண்டோ மரத்துப்போயோ இருந்தால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அதுவரை செய்ய வேண்டியது: காலை இதய மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். கிரேப் பேண்டேஜை விரலடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ இறுக்கம் அதிகம், அவிழ்த்துத் தளர்த்திச் சுற்றுங்கள். முதல் இரண்டு நாள் சூடான எண்ணெயும் தேய்ப்பும் வேண்டாம். உள்ளே கசிகிற ரத்தம் கூடி வீக்கம் பெருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு தெருவில் ஆளாளுக்கு “ஏனுங்க, காலுக்கு என்னாச்சு?” என்று கேட்பார்கள். “ஒன்னுமில்லீங்க, மலையில எறங்கறப்ப கால் எசகுபிசகா பட்டுருச்சு” என்றால் போதும், மேற்கொண்டு விவரம் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பதிலாகச் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவரின் வீட்டுக்கு வழி சொல்வார்கள். “எக்ஸ்ரே பாத்துட்டு வந்தர்றனுங்க” என்று சொல்லி வையுங்கள். எலும்பில் கீறல் இருக்கும் காலை இழுத்து நீவினால் கீறல் முறிவாகிவிடலாம்.